பழைய லாரியில் டெம்பரேச்சர் முள் தாறுமாறாக ஆடுகிறது: மீட்டரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய லாரி. டெம்பரேச்சர் முள் சில நாள் குளிர்ப் பக்கத்தை விட்டு அசைவதே இல்லை. சில நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிவப்புக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது, கொஞ்ச தூரம் போனதும் தானாக இறங்கிவிடுகிறது. சென்சாரை மாற்றிப் பார்த்தீர்கள், பலனில்லை. இன்ஜின் சூடேறுவதாக உங்களுக்குத் தோன்றவில்லை. மீட்டரையும் மாற்றிவிடலாமா, இல்லை முள்ளைக் கண்டுகொள்ளாமல் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. முள் ஏன் பொய் சொல்கிறது என்பது ஒன்று. அது பொய்தான் சொல்கிறதா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு விடை தெரியாமல் முதலாவதில் இறங்கக்கூடாது. வண்டி எலக்ட்ரிக்கல் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி ஓட்டிக்கொண்டே வந்து, கடைசியில் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்த நிலையில் வண்டி வந்து நிற்பதைப் பார்ப்பது மிகவும் வருத்தமான விஷயம். சில மணி நேரச் சோதனையில் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் அது. அதனால் முள்ளைக் கண்டுகொள்ளாமல் ஓட்டலாமா என்பதற்கு என் பதில், வேண்டாம். மீட்டரை மாற்றலாமா என்பதற்கு, இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது, இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, காலையில் சாவியைத் தொடும் முன், ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பது. பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்தால் போதாது. டப்பாவில் மட்டம் சரியாக இருந்து ரேடியேட்டர் காலியாக இருப்பது உண்டு. இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்சாரின் முனை கூலன்ட்டில், அதாவது ரேடியேட்டர் தண்ணீரில், மூழ்கியிருந்தால்தான் சரியான வெப்பத்தைக் காட்டும். கூலன்ட் குறைந்து, முனையைச் சுற்றி காற்றோ ஆவியோ நின்றால், உள்ளே இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும், முள் குளிர்ப் பக்கமே கிடக்கும். திடீரென்று கொஞ்சம் தண்ணீர் அதன்மேல் அடித்தால் முள் மேலே போகும், பிறகு இறங்கும். நீங்கள் சொன்ன அறிகுறிகளோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது, கவனியுங்கள். மட்டம் குறைந்திருந்தால் மேற்கொண்டு மீட்டர் பக்கம் போகவே வேண்டாம். நிரப்பி, காற்றை வெளியேற்றி, எங்கே கசிகிறது என்று பாருங்கள். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கக்கூடாது என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மூடி கொடுக்கும் அழுத்தத்தால்தான் உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அழுத்தம் போய், எல்லாம் ஆவியாக முகத்தில் அடிக்கும்.

மட்டம் சரி என்றால், அடுத்தது இன்ஜினின் உண்மையான வெப்பத்தை மீட்டரை நம்பாமல் அளப்பது. துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இதற்கு நன்றாக உதவும். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) இருக்கும் மூடிக்குப் பக்கத்தில், சென்சார் திருகியிருக்கும் இடத்தை ஒட்டி அளவு எடுங்கள். இங்கே ஒரு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பளபளக்கும் அலுமினியத்தின்மேல் அந்தக் கருவியைக் காட்டினால் உண்மையை விட மிகவும் குறைவாகக் காட்டும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் வெப்பக் கதிரைக் குறைவாகத்தான் வெளிவிடும். அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அது நன்றாகச் சூடேறியதும் டேப்பின்மேல் கிட்டத்தில் வைத்து அளவு எடுங்கள். அப்போதுகூட உள்ளே ஓடும் கூலன்ட்டை விடச் சில டிகிரி குறைவாகவே காட்டும். கையையும் சட்டை நுனியையும் ஃபேனிடமிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கருவி கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, 100 டிகிரிக்கு மேல் அளக்கும் தெர்மாமீட்டர் ஒன்றை ரேடியேட்டர் வாயில் தொங்கவிட்டு, ஐடிலில் ஓடவிடுங்கள். கொஞ்ச நேரம் வரை வெப்பம் பெரிதாக ஏறாது. தெர்மோஸ்டாட் திறந்ததும் உள்ளே நீரோட்டம் கண்ணுக்குத் தெரியும், மேல் ஹோஸ் சூடாகும், தெர்மாமீட்டர் விறுவிறு என்று ஏறும். பெரும்பாலான தெர்மோஸ்டாட்கள் 82 அல்லது 88 டிகிரி போன்ற அளவில் திறக்கத் தொடங்கும், அதன் உடம்பிலேயே எண் அடித்திருக்கும். சாதாரணமாக ஓடும் இன்ஜின் 80க்கும் 95க்கும் நடுவே நிற்க வேண்டும். சூடாகச் சூடாகக் கூலன்ட் விரிந்து வாய் வழியே வழியும், அதனால் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல், ஓட்டம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

இந்த அளவு கையில் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. உண்மையான வெப்பம் சரியாக இருந்து முள் மட்டும் தவறாகக் காட்டினால், கோளாறு மின்சாரத்தில். உண்மையிலேயே சூடு கூடியிருந்தால், முள் சரியாகத்தான் கத்தியிருக்கிறது. உண்மையிலேயே சூடு குறைவாக, 60 டிகிரி பக்கத்திலேயே நின்றால், தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது முன்பு யாரோ அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். பழைய லாரிகளில் இது சகஜம். சூடேறாமல் இருக்கட்டும் என்று கழற்றிவிடுவார்கள். அது நல்லதில்லை. குளிர்ச்சியாக ஓடும் டீசல் இன்ஜினில் எரிதல் அரைகுறையாகும், டீசல் கூடுதலாகப் போகும், ஆயில் கெடும், உள் உறுப்புகள் சீக்கிரம் தேயும். முள் குளிர்ப் பக்கம் நிற்பதற்கு மீட்டரைத் திட்டுவதற்கு முன் தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தை என்னை யோசிக்க வைத்தது. முள் ‘சட்டென்று’ சிவப்புக்குப் போகிறது என்கிறீர்கள். லிட்டர் கணக்கில் கூலன்ட்டும், பல நூறு கிலோ இரும்பும் ஒரு நொடியில் 40 டிகிரி ஏறாது. அது இயற்கையிலேயே நடக்காத காரியம். மெல்ல மெல்ல, மேடு ஏறும்போதோ பாரம் கூடும்போதோ ஏறும் முள்ளை நம்ப வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் தாவும் முள்ளை மின்சாரக் கோளாறாகச் சந்தேகிக்கலாம். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய வண்டிகளில் இரண்டு வகை மின் மீட்டர்கள் உண்டு. ஒன்றில் உள்ளே சூடாகி வளையும் இரட்டை உலோகத் தகடு முள்ளைத் தள்ளும். அதன் முள் எப்போதும் சோம்பலாகத்தான் நகரும், நேரடி ஷார்ட் வந்தால்கூடச் சில நொடிகள் எடுத்துக்கொண்டு ஏறும். மற்றதில் காந்தச் சுருள்கள் முள்ளைத் திருப்பும். அது உடனே தாவும். சாவியைப் போட்டதும் டீசல் மீட்டர் முள் எப்படி எழுகிறது என்று பாருங்கள். மெதுவாக ஊர்ந்து ஏறினால் தகடு வகை, துள்ளி எழுந்தால் காந்த வகை. உங்களுடையது தகடு வகை என்றால் ‘சட்டென்று’ என்பதற்கு அர்த்தம் கொஞ்சம் மாறும். சில நொடிகளில் ஏறுவதையும் அப்போது மின்சாரக் கோளாறாகவே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, சுற்று எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லிவிட்டால் மீதி எளிது. பேட்டரியிலிருந்து சாவி, ஃப்யூஸ் வழியாக மின்சாரம் மீட்டருக்கு வருகிறது. மீட்டரிலிருந்து ஒற்றை ஒயர் இன்ஜினில் உள்ள சென்சாருக்குப் போகிறது. சென்சார் தன் மரை வழியாக இன்ஜின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இன்ஜின் உடம்பிலிருந்து, எர்த் என்று சொல்லும் திரும்பு வழியான பட்டை மூலம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. சென்சாருக்குள் இருக்கும் சின்ன வில்லை, சூடு ஏற ஏறத் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும். தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், முள் மேலே போகும். இதிலிருந்து வருவதுதான் கோளாறு தேடுவதற்கான சாவி: சுற்று எங்கே அறுந்தாலும் முள் குளிர்ப் பக்கம் விழும், சென்சாருக்குப் போகும் ஒயர் எங்காவது உடம்பைத் தொட்டால் முள் சூட்டுப் பக்கம் ஓடும். பெரும்பாலான வண்டிகளுக்கு இது பொருந்தும். விதிவிலக்கும் உண்டு. 1950களின் நடுப்பகுதி வரை வந்த சில ஃபோர்டு வண்டிகளில் சாவியை அணைத்தால் முள் சூட்டுப் பக்கம் போய் நிற்கும், சாவி போட்டால்தான் குளிர்ப் பக்கம் வரும். அவற்றில் எல்லாம் தலைகீழ். உங்கள் வண்டி அவ்வளவு பழையதில்லை, ஆனாலும் சாவி அணைத்திருக்கும்போது முள் எங்கே படுத்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சோதனை. சாவியைப் போடுங்கள், இன்ஜினை ஓட்ட வேண்டாம். சென்சாரின் தலையிலிருந்து ஒயரைக் கழற்றி, எதையும் தொடாமல் தனியாகப் பிடியுங்கள். முள் முழுக் குளிருக்குப் போக வேண்டும். அப்புறம் அந்த ஒயரின் முனையை ஒரு 10 ஓம் ரெசிஸ்டர் (மின்தடைத் துண்டு) வழியாக இன்ஜினின் சுத்தமான உலோகத்தில் தொடுங்கள். முள் சூட்டுப் பக்கம் ஏற வேண்டும். ரெசிஸ்டர் இல்லையென்றால் நேராகவே தொடலாம், ஆனால் முள் எழத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள், அதிக நேரம் வைத்தால் மீட்டரின் உள்சுருள் சூடாகிக் கெடலாம். இந்த ஒரு சோதனை சுற்றை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. முள் இரண்டு முனைக்கும் ஒழுங்காகப் போய் வந்தால் மீட்டர், ஃப்யூஸ், ஒயர் எல்லாம் அந்த நேரத்தில் நன்றாக இருக்கின்றன, சந்தேகம் சென்சார் மேலும் அதன் எர்த் மேலும் மட்டும்தான். இன்ஜின் உலோகத்தில் தொட்டும் முள் எழவில்லை என்றால் சென்சாரில் தப்பில்லை, கோளாறு அதற்கு மேலே. கழற்றிப் பிடித்தும் முள் சிவப்பிலேயே நின்றால் வழியில் ஒயர் எங்கோ உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சென்சார் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்திருந்தால் உங்கள் பணம் மிச்சமாகியிருக்கும்.

‘அந்த நேரத்தில்’ என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம், உங்களுடையது வந்து வந்து போகும் கோளாறு. நிற்கும்போது நன்றாக இருக்கும், ஓடும்போது கெடும். அதனால் ஒயரை இன்ஜின் உலோகத்தில் தொட்டு முள் எழுந்து நிற்கும் நிலையில் இன்னொருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, சென்சாரிலிருந்து ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) வரை ஒயரைக் கையால் அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே அசைக்கும்போது முள் விழுகிறதோ அங்கே உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. இதற்கு ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் நேரம் பிடிக்கும் வேலை. அடுத்து ஒயரைத் தொங்கவிட்டு அதே மாதிரி அசையுங்கள். எங்கே அசைக்கும்போது முள் எழுகிறதோ அங்கே ஒயர் உடம்பைத் தொடுகிறது.

நான் பந்தயம் கட்டுவதென்றால் இந்த இடத்தில்தான் கட்டுவேன். முள் இரண்டு பக்கமும் தாவுவதை ஒரே கோளாறால் விளக்க முடிகிற இடம் இது. சென்சார் ஒயர் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்த் தொகுப்பு) கிட்டத்தில் போகும். வருடக்கணக்கில் அந்தச் சூட்டில் வெந்து அதன் உறை விறைத்துப்போகும், விரலால் வளைத்தால் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒயரைப் பிடித்து வைத்திருக்கும் இரும்பு கிளிப்புக்கு அடியில் விலக்கிப் பார்த்தால், ஒரு நகத்தின் அகலத்துக்கு உறை தேய்ந்து செம்பு பளிச்சென்று தெரியும், கிளிப்பில் அதே இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். இன்ஜின் ஆட்டத்தில் அந்தச் செம்பு கிளிப்பைத் தொட்டால் முள் சிவப்புக்கு. அதே இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசி இழை விலகினால் முள் குளிருக்கு. வண்டி ஆட ஆட இரண்டும் மாறி மாறி நடக்கும். சென்சாரை மாற்றியும் போகாததற்கும் இது பொருந்துகிறது. ஆனால் இது அனுமானம்தான். அசைத்துப் பார்க்காமல் இதை உறுதி என்று சொல்ல மாட்டேன். அப்படி இருந்தால் டேப் சுற்றி விடாதீர்கள், மேனிஃபோல்டு சூட்டில் அதன் பசை உருகி வழிந்துவிடும். சூடு தாங்கும் உறையுள்ள புது ஒயரை, மேனிஃபோல்டை விட்டு விலக்கி, வேறு வழியாகக் கொண்டுபோங்கள்.

அடுத்த சந்தேகம் எர்த். ஹெட்லைட் போட்டால் முள் நகர்கிறதா என்று கவனித்திருக்கிறீர்களா? இரவில் ஓட்டும்போது மட்டும் முள் இடம் மாறுகிறதா? இருந்தால் அது எர்த் கோளாறின் கையெழுத்து என்றே எடுத்துக்கொள்ளலாம். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் இன்ஜினுக்கும் சேசிஸுக்கும், சேசிஸுக்கும் கேபினுக்கும் நடுவே பின்னல் பட்டைகள் இருக்கும். இன்ஜின் வேலைக்காகக் கழற்றியவர்கள் அதில் ஒன்றைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. மாட்டியிருந்தாலும் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் அது மாட்டாததற்குச் சமம். பட்டையின் முனையைக் கழற்றிப் பார்த்தால் பின்னலுக்குள் பச்சைப் பொடி உதிரும், முனை வளையத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே துரு ஒரு படலமாக இருக்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால் கண்ணால் பார்க்காமல் மல்டிமீட்டரால் அளப்பது நல்லது. இன்ஜினை ஓட்டி, ஹெட்லைட் எல்லாவற்றையும் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை சென்சாருக்குப் பக்கத்தில் இன்ஜின் உலோகத்திலும், மற்றதை பேட்டரியின் நெகடிவ் முனையிலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நன்று. அதற்கு மேல் ஏறினால் பட்டைகளை வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து மாட்டுங்கள். அப்படியே கேபினின் உலோகத்துக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவே அளந்துவிடுங்கள்.

எர்த் என்றதும் டெஃப்லான் டேப் நினைவுக்கு வருகிறது. புது சென்சார் மாட்டும்போது கசியக்கூடாது என்று மரையில் தாராளமாகச் சுற்றிவிடுவார்கள். சென்சாரின் எர்த்தே அந்த மரை வழியாகத்தான் போகிறது. இறுக்கும்போது மரை டேப்பைக் கிழித்துக்கொண்டு உலோகத்தைத் தொட்டுவிடுவதால் பெரும்பாலும் பிரச்சினை வராது, ஆனால் வருவதும் உண்டு. உங்களுடையதில் அப்படி இருக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். சென்சாரின் ஆறுபக்க உடம்புக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவே மின்தடை ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

இனி டேஷ்போர்டு பக்கம். டீசல் மீட்டர் ஒழுங்காகக் காட்டுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, அது எனக்கு முக்கியம். தகடு வகை மீட்டர்கள் உள்ள வண்டிகளில், டெம்பரேச்சர் மீட்டருக்கும் டீசல் மீட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன வோல்டேஜ் ரெகுலேட்டர் இருக்கும். மீட்டர்கள் சேர்ந்திருக்கும் கிளஸ்டரின் பின்புறம் தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு தகரப் பெட்டி, சில வண்டிகளில் அழுத்தி மாட்டும் இரண்டு கொக்கிகளோடு. அதற்குள் ஒரு தகடு சூடாகி விலகும், ஆறிச் சேரும், அப்படித் துடித்துத் துடித்து பேட்டரி வோல்டேஜைக் குறைவான ஒரு சராசரிக்குக் கொண்டுவரும். பல அமெரிக்க வண்டிகளில் 5 வோல்ட், ஸ்மித்ஸ் நிறுவன மீட்டர் உள்ள பிரிட்டிஷ் வண்டிகளில் 10 வோல்ட். அதன் முனைகள் ஒட்டிக்கொண்டாலோ, அதன் தகர உடம்புக்கு எர்த் போனாலோ, முழு பேட்டரி வோல்டேஜும் மீட்டர்களுக்குப் போய் இரண்டு முள்ளும் சேர்ந்து மேலே ஓடும். திறந்தபடி நின்றுவிட்டால் இரண்டும் சேர்ந்து செத்துக் கிடக்கும். ஆகவே இரண்டு முள்ளும் ஒன்றாக ஆடினால் ரெகுலேட்டரைப் பாருங்கள். டெம்பரேச்சர் முள் மட்டும் ஆடி, டீசல் முள் அசையாமல் நின்றால் ரெகுலேட்டர் மேல் குற்றம் இல்லை. அதன் வெளியீட்டை டிஜிட்டல் மல்டிமீட்டரில் பார்த்தால் எண் ஓடிக்கொண்டே இருக்கும், அதைக் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு டெஸ்ட் பல்பு வைத்தால் விட்டு விட்டு மின்னும், அதுவே அது உயிரோடு இருப்பதற்கு அடையாளம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் கொடுக்காதீர்கள். 5 வோல்ட்டுக்கான சுருள் 12 வோல்ட்டில் எரிந்துவிடும், 24 வோல்ட் வண்டி என்றால் இன்னும் வேகமாக. அப்புறம் உண்மையாகவே மீட்டர் வாங்க வேண்டிவரும்.

கிளஸ்டரைக் கழற்றினால், பின்னால் பிளாஸ்டிக் தாளில் செம்புத் தடங்கள் ஒட்டிய சர்க்யூட் சில வண்டிகளில் இருக்கும். பிளக் நுழையும் இடத்தில் அந்தத் தடம் தூக்கிக்கொண்டோ கறுத்தோ இருக்கிறதா பாருங்கள். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தாலே பளிச்சென்று ஆகிவிடும். மீட்டரைப் பிடித்திருக்கும் சின்ன நட்டுகளே மின்சாரம் போகும் வழியும்கூட, அவை தளர்ந்திருந்தால் ஆட்டத்தில் முள் விழும். கிளஸ்டரைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், தடங்கள் மெல்லியவை, ஒரு ஷார்ட்டில் போய்விடும்.

நீங்கள் மாற்றிய சென்சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரை பொருந்தியதாலேயே அது சரியான சென்சார் ஆகிவிடாது. ஒரே மரை, ஒரே தோற்றம், ஆனால் உள்ளே மின்தடை வேறாக இருக்கும். வீடிஓ என்ற பிராண்ட் மீட்டர்களுக்கான ஒரு பொதுவான வகை சென்சார் 40 டிகிரியில் ஏறத்தாழ 290 ஓம், 100 டிகிரியில் ஏறத்தாழ 38 ஓம், 120 டிகிரியில் ஏறத்தாழ 22 ஓம் காட்டும். பழைய ஃபோர்டுகளின் தகடு மீட்டர் ஏறத்தாழ 73 ஓமில் குளிர்ப் பக்கமும் 10 ஓமில் சூட்டுப் பக்கமும் நிற்கும்படி செய்தது. ஒன்றின் சென்சாரை மற்றதன் மீட்டருக்கு மாட்டினால் கோளாறே இல்லாமல் முள் எப்போதும் தவறாகக் காட்டும். ஆனால் ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். பொருந்தாத சென்சார் எப்போதும் ஒரே மாதிரித் தவறும், தாவாது. ஆகவே உங்கள் தாவலுக்கு இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. தாவல் நின்ற பிறகும் முள் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை என்றால் அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். சோதிக்க, சென்சாரையும் ஒரு தெர்மாமீட்டரையும் பாத்திரத்து அடியைத் தொடாதபடி தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கி, தலைக்கும் உடம்புக்கும் நடுவே ஓம் பாருங்கள். சூடு ஏற ஏற எண் சீராக இறங்க வேண்டும். எங்காவது துள்ளினால் புதுசாக இருந்தாலும் அது கெட்டதுதான். உயரமான மலைப்பகுதியில் இருந்தால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், தோராயமாக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும்.

சில இன்ஜின்களில் ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார்கள் இருக்கும். ஒற்றை ஒயர் உள்ளது பெரும்பாலும் மீட்டருக்கு, இரண்டு ஒயர் உள்ளது கட்டுப்பாட்டுப் பெட்டிக்கோ ஃபேனுக்கோ. நீங்கள் மாற்றியது எது என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். இன்னொரு சாத்தியம், உங்கள் மீட்டர் மின் மீட்டரே இல்லாமல் இருப்பது. மீட்டரின் பின்னாலிருந்து ஒயருக்குப் பதில் மெல்லிய செம்புக் குழாய் இன்ஜின் வரை போனால் அது மெக்கானிக்கல் வகை, மேலே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. நீங்கள் சென்சாரை மட்டும் தனியாக மாற்றியிருப்பதால் அது இல்லை என்றே நினைக்கிறேன். அந்த வகையில் குழாயும், அதன் முனையில் வெப்பத்தை உணரும் குமிழும், மீட்டரும் ஒரே உறுப்பு, குழாய் அறுந்தால் முழுதாக மாற்றுவதுதான் வழி.

அளந்து பார்த்ததில் இன்ஜின் உண்மையாகவே சூடேறுகிறது என்று தெரிந்தால், மீட்டர் பேச்சை விட்டுவிட்டு ஃபேன் பெல்ட், வெளிப்புறம் அடைத்த ரேடியேட்டர், மூடியின் ரப்பர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று மெக்கானிக்கிடம் போங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன், இன்னும் சூடேறாத நிலையிலேயே ரேடியேட்டர் வாயில் குமிழிகள் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட்டை (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) சந்தேகிக்க வேண்டும், அந்த வண்டியை ஓட்டக்கூடாது. இது என் துறை இல்லை, இதற்கு மேல் ஒரு இன்ஜின் மெக்கானிக் நேரில் பார்த்துச் சொல்வதே சரி.

இந்த வேலை முடியும்வரை வண்டியை எடுத்தே ஆக வேண்டும் என்றால், தற்காலிகமாக ஒரு தனி மெக்கானிக்கல் மீட்டரை அதன் குமிழ் சரியாகக் கூலன்ட்டில் மூழ்கும்படி இன்னொரு துளையில் மாட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மின்சாரமும் வேண்டாம், எர்த்தும் வேண்டாம். பழைய வண்டியில் அதை நிரந்தரமாகவே வைத்துக்கொள்வதும் தப்பில்லை. பழைய முள்ளைச் சரிசெய்த பிறகு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அது உதவும்.

ஒயரை இன்ஜின் உலோகத்தில் தொட்டபோது முள் எங்கே போனது, டீசல் முள்ளும் கூடவே ஆடியதா, இன்ஜினுக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவே எத்தனை வோல்ட் வந்தது, இவற்றை எழுதுங்கள். வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும், பழைய சென்சாரை எறியாமல் வைத்திருந்தால் அதன்மேல் அடித்திருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவை வந்தால் அடுத்து எங்கே கை வைப்பது என்று சொல்கிறேன்.